உப்பின்றி வெந்த கீரை

சங்கச் செய்யுட்களைக் கல்லூரி வகுப்பிலே பயில்வோர்க்குக் குப்பைக் கீரை என்பது வறுமையின் எல்லையைக் காட்டும் ஓர் அடையாளமாகவே அறிமுகமாகின்றது. சிறுபாணாற்றுப்படையில் வரும் பாணன் மனைவியும், குமணனை நாடிச் சென்ற பெருஞ்சித்திரனாரின் மனைவியும் கீரை கொய்து உண்டனர், ஆதலால் அவர்தம் வறுமை கொடிது என்று ஆசிரியர் உரைப்பர், மாணவர் எழுதிக்கொள்வர், பரீட்சையிலும் அவ்வாறே விடை வரும். இக்கூற்று முற்றிலும் பிழையென்று யான் கூறேன். ஆயினும் அது புலவர் கூறியதன் பாதியை மட்டும் கூறுவது. மற்றைப் பாதியை அறிதற்கு ஏட்டறிவு மாத்திரம் போதாது. கீரை கொய்து உண்ட ஊரின் அறிவும் வேண்டும். தீவகத்திலே பிறந்த ஒருவன் அச்செய்யுட்களை எங்ஙனம் படிக்கின்றான் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலாவதாகச் செடியை நோக்குவாம். சிறுபாணாற்றுப்படையின் ஆசிரியர் நல்லூர் நத்தத்தனார் கூறும் கீரை வேளை. அதே வேளை புறநானூற்றில் வேறு இரண்டு இடங்களில் உணவாக வருகின்றது. 246ஆம் பாட்டில், பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தான் ஏற்க மறுக்கும் கைம்மை வாழ்வைச் சொல்லும்போது, எள்ளின் சாந்தும் புளியும் இட்டு வெந்த வேளையைக் கைம்பெண்டிரின் உணவாகக் குறிக்கின்றாள். 215ஆம் பாட்டிலோ கோப்பெருஞ்சோழன் தன் ஆருயிர் நண்பர் பிசிராந்தையார் வாழும் பாண்டி நாட்டின் வளத்தை நினைக்கும்போது, ஆய்மகள் வேளையின் வெண்ணிறப் பூவைத் தயிரில் இட்டுச் சமைத்த புளிங்கூழையும், அவரை கொய்வோர் அதனை வரகுச் சோற்றுடன் வயிறார உண்பதையும் சொல்கின்றான். வடக்கிருந்து உயிர் துறக்கத் துணிந்த ஒரு வேந்தன், நட்பின் நிலத்தை நினைக்குங்கால் அவன் நாவில் வந்த உணவு வேளைப் பூ! இஃது இகழ்ச்சியாகுமா?

செடி ஒன்றே. ஒரு வீட்டில் அது நாணி உண்ணப்படுகின்றது. ஒரு வீட்டில் வழக்கத்தின் கட்டளையால் உண்ணப்படுகின்றது. ஒரு வயலோரத்தில் மகிழ்ந்து உண்ணப்படுகின்றது. எனவே வறுமையின் குறி வேளை என்னுஞ் செடியன்று. பின் யாது?

உப்பு. பாணன் மனைவி அட்ட கீரை உப்பின்றி வெந்தது. பெருஞ்சித்திரனாரின் மனைவி உலையேற்றிய கீரைக்கும் உப்பில்லை, மோருமில்லை. சோறு என்பதையே அவ்வீடு மறந்துவிட்டது. இரு புலவரும் ஒருவரையொருவர் அறிந்து பாடினரல்லர் எனினும் இருவரும் ஒரே இடத்திலே விரல் வைக்கின்றனர். இதன் காரணம் வேளையைச் சமைத்தவர்க்கே விளங்கும். வெள்ளைப் பூப் பூக்கும் இவ்வேளையை நல்வேளை, தைவேளை என்றும் வழங்குவர்; மஞ்சட் பூவுடைய நாய்வேளை வேறு. நல்வேளையின் இலை கைப்பும் காரமும் உடையது. கசக்கினால் மூக்கிலேறும் ஒரு நெடி உண்டு. புளிப்பும் உப்பும் சேர்ந்தாலன்றி அக்கைப்பு அடங்காது. ஆய்மகள் தயிரிட்டமையும், கைம்பெண்டிர்க்குப் புளியும் எள்ளும் இட்டமையும் சுவை நோக்கிய அலங்காரங்கள் அல்ல. அக்கீரையை உண்ணத் தகுந்ததாக்கும் வழிகள். கிழக்காபிரிக்காவிலே கென்யா நாட்டு மக்கள் இதே கீரையை அவித்துப் பாலூற்றிச் சமைக்கின்றனர். அவர்கள் புறநானூற்றைக் கண்டவரல்லர், செடியைக் கண்டவர். செடியே அவ்விரு நாட்டுப் பெண்களுக்கும் ஒரே பாடத்தைக் கற்பித்தது.

ஆகவே உப்பும் மோரும் இல்லை என்று புலவர் சொன்னபோது, கைப்பு முழுவதையும் அவ்வீட்டார் அப்படியே விழுங்கினர் என்று சொன்னார். பொருள் கொடுத்தோ பண்டம் மாற்றியோ பெறவேண்டிய இரண்டு பொருள்கள் அவ்வீட்டிலே இல்லை. நிலம் கொடுத்தது, சந்தை கொடுக்கவில்லை. வறுமை என்பது இவ்விடத்தே நிலத்தின் குறைபாடன்று, மனிதர் வகுத்த வாழ்வின் குறைபாடு என்பதைப் பெருஞ்சித்திரனார் வெளிப்படையாகவே காட்டுகின்றார். அவர் மனைவி பழிப்பது அறத்தை, கீரையை அன்று. எங்கள் தீவுகளில் இதற்கு ஒரு கசப்பான உவமை உண்டு. கோடையில் வற்றிய களப்புத் தரையில் உப்புத் தானாகவே பூக்கும். உப்பை அரசாங்கம் தன் தனியுரிமையாக வைத்திருந்த ஆங்கிலேயர் காலத்திலே, காலடியிற் பூத்த அந்த உப்பை அள்ளுவதும் குற்றமாயிற்று.

பெருஞ்சித்திரனாரின் பாட்டிலே (புறம். 159) இன்னொரு நுட்பம் உண்டு. உரையாசிரியர்கள் அதனைப் பொருள் கூறிக் கடந்துவிடுகின்றனர், நின்று நோக்குவதில்லை. அவள் கொய்த தளிர், முன்னர்க் கொய்த இடத்திலிருந்து மீண்டும் கிளைத்த முற்றாத தளிர். 'கொய்கண்' என்பது புலவர் சொல். வறுமையின் மிகுதியைக் காட்டுவதாகவே இதற்குப் பொருள் கொள்வர். கொய்த செடியிலேயே திரும்பத் திரும்பக் கொய்ய வேண்டியிருந்தது என்பது கருத்து. அது சரியே. ஆனால் வேரோடு பிடுங்கினவளுக்குக் கொய்கண் என்று ஒன்று இராது. கணு விட்டுக் கிள்ளினவளுக்கே அடுத்த வாரமும் தளிர் கிடைக்கும். பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கண்முன் நின்ற செடியில் பாதியை நாளைக்கென்று விட்டுவரும் கையை அப்புலவர் கண்டிருக்கின்றார். அது வறுமையினுள்ளே நின்ற ஒழுங்கு.

அக்கையை யானும் கண்டிருக்கின்றேன். ஐப்பசி மழை விழுந்து நாலைந்து நாளாயின் எங்கள் ஆச்சி பனையோலைப் பெட்டியுடன் புறப்படுவார். சாறணை தரையோடு படர்ந்திருக்கும். வேலியிலே முசுட்டையும் முசுமுசுக்கையும் தூதுவளையும் ஏறியிருக்கும். வளவின் மூலையில் முடக்கொத்தான். யான் சிறுவனாய் உடன் சென்று, விரைவிற் பெட்டியை நிரப்பும் ஆசையாற் சாறணையை ஒரு பிடியாகப் பற்றி இழுத்தேன். "வேரோடை புடுங்காதை மோனை, நாளைக்கும் வயிறிருக்கு" என்றார். கொய்கண் என்ற சொல்லுக்கு இதனிலும் நல்ல உரையை யான் எந்தப் பதிப்பிலும் கண்டிலேன்.

இனிச் சிறுபாணாற்றுப்படைக்கு மீள்வாம். நத்தத்தனார் காட்டும் அடுக்களை நாம் எளிதில் மறக்க முடியாதது: கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய் குரைக்கின்றது, கூரை இற்று, சுவரிற் கறையான் ஏறி, காளான் பூத்திருக்கின்றது. அங்கே பாணன் மனைவி நகத்தாற் கிள்ளிய வேளையை வேகவைத்து, வாயிலை அடைத்துவிட்டுத் தன் பெரிய சுற்றத்தோடு ஒருங்கிருந்து உண்கின்றாள். வாயிலை ஏன் அடைத்தாள்? மடவோர் காண்பர் என்று நாணி. மடவோர் என்றாற் பேதையர், அறிவிலார். உண்பவளைப் புலவர் இழித்துக் கூறவில்லை; பார்த்து நகைக்கக்கூடியவர்க்கே அப்பெயரைச் சூட்டினார். கதவுக்கு உள்ளே இருப்பது நாணம், பசி, சுற்றத்தோடு பகிர்ந்துண்ணும் பண்பு ஆகிய மூன்றும். கதவுக்கு வெளியே இருப்பது பேதைமை. வறுமையைப் பாடிய எத்தனையோ பாட்டுக்களுள் இப்பகுதி தலைசிறந்து நிற்பதற்குக் காரணம், இரக்கம் என்னும் பெயரால் அப்பெண்ணை அது சிறுமைப்படுத்தாமையே என்பது என் துணிபு.

இதனை யான் உணர்ந்தது பெருமைக்குரிய வழியில் அன்று. தீவிலிருந்து பட்டினத்துக் கல்லூரி விடுதிக்கு வந்த காலத்தில், வீட்டில் என்ன கறி என்று நண்பர் கேட்டால் பருப்பும் கத்தரிக்காயும் என்பேன். முசுட்டை இலை வறையும் சாறணைக் கடையலும் என் நாவிலே வராது. ஒருநாள் இப்பாட்டுப் பாடமாயிற்று. குப்பையில் முளைத்ததை யார் தின்பார் என்று ஆசிரியர் வேடிக்கையாகக் கேட்டார், வகுப்பு நகைத்தது, யானும் உடன் நகைத்தேன். மடவோர் என்ற சொல்லுக்கு அடுத்த வரியில் உரை எழுதிக்கொண்டிருந்த என் கை அப்போது நிற்கவில்லை. பல ஆண்டுகளின் பின்னரே நின்றது.

தீவகத்தை அறியாதார்க்கு ஒரு சொல். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு முதலாய நிலங்களில் ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையின் மேல் மெல்லிய மண். தோண்டினாற் பல இடங்களில் உவர்நீர். மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து ஓய்கின்றது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்லும் படகு கடல் கொந்தளித்தால் நின்றுவிடும். நின்றால் மரக்கறியும் நின்றுவிடும். இத்தகைய இடத்தில் மழையுடன் எழுந்து மழையுடன் மறையும் இலைகளைப் பற்றிய அறிவு வீட்டுக்கு வீடு இருந்தது வியப்பன்று. எவ்விலை வறைக்கு, எது சொதிக்கு, எது கஞ்சிக்கு, எதனை இருமலுக்கு இரசமாக்க வேண்டும், எதனை எந்த மாதத்துக்குப் பின் தொடலாகாது என்பன பெண்களின் வாய்வழியே வந்தன.

நம் இலக்கியம் இவ்வறிவுக்கு என்ன செய்தது? பனைக்கு நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் தாலவிலாசம் கிடைத்தது. கூழும் கொழுக்கட்டையும் அவர் பாடிய ஆடிப்பிறப்புப் பாட்டால் ஒவ்வொரு குழந்தையின் நாவிலும் ஏறின. முசுட்டைக்கு யார் பாடினார்? மூலிகைகளுக்கு வைத்திய நூல்கள் உண்டு. பரராசசேகரம், செகராசசேகரம் என்பன நம் நாட்டின் பெருமைகள். ஒரு தழை மருந்தானவுடன் ஏட்டில் ஏறிவிடுகின்றது. கறியாக இருக்குமட்டும் ஏறுவதில்லை. நோயாளியின் கிண்ணத்தைப் பண்டிதர் நோக்கினர். பசித்தவன் கலத்தை நோக்கவில்லை. தீவுகளைப் பற்றி இக்காலத்து எழுந்த கதைகளிலும் கடலும் வள்ளமும் வலையுமே முன்னிற்கின்றன. வேலியோரம் பெட்டியுடன் நின்ற கிழவி பெரும்பாலும் கதையின் ஓரத்திலேயே நின்றுவிட்டாள்.

சமய வழக்கு மாத்திரம் ஓரளவு நன்றி காட்டியது. தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசை விரதத்துக்குக் காத்தோட்டிக்காய் சமைப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். முட்செடியிற் படர்ந்து காய்க்கும் அக்கைப்புக் காயை யாரும் பயிரிடுவதில்லை. புதர் தேடிப் பறிக்கவேண்டும். விரதம் இருப்பதனால் அக்காயை அடையாளம் காணும் கண்ணும் இன்னும் இருக்கின்றது. விரதமில்லாத செடிகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

ஒக்கூர் மாசாத்தனாரின் சிறு பாட்டொன்று (புறம். 248) இங்கே நினைவுக்கு வருகின்றது. இளமையில் தழையாடையாக உதவிய சிறு வெள்ளாம்பல், கணவன் இறந்தபின், வேளை தவறிய பொழுதில் உண்ணும் அல்லி அரிசியாயிற்று என்று ஒருத்தி இரங்குகின்றாள். இவ்விடத்தும் இரக்கம் ஆம்பலின் மீதே சொரிகின்றது. அதனை 'அளிய' என்கின்றாள். ஒரு வாழ்வின் இரு முனைகளையும் உடன்வந்து கண்ட தோழியாக அக்குளத்துச் செடி நிற்கின்றது. குளத்தில் அல்லிக்காய் பறித்து, அழுகவிட்டு, விதை பிரித்து, உலர்த்தி, குற்றி அரிசியாக்குவது ஒருநாள் வேலையன்று. அப்பாட்டைப் படிக்கும்போது அவ்வேலையையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி திரட்டுவதும் இவ்வகையினதே. ஆயினும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதனை ஒரு குடியின் தொழிலாகவே காட்டி, விருந்தோம்பலில் முடிக்கின்றார்.

கபிலரோ இப்பொருளை முற்றிலும் வேறு தளத்துக்கு உயர்த்துகின்றார். புறநானூற்று 109ஆம் பாட்டிலே, பறம்பை முற்றுகையிட்ட மூவேந்தர்க்கு அவர் சொல்வது, உழவர் உழாமலே அம்மலையில் நான்கு உணவுகள் விளையும் என்பது: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். வயலை அழித்தாற் குடி பணியும் என்பது படையெடுப்போரின் கணக்கு. உழாத உணவு அக்கணக்கில் அடங்காது. முற்றுகையுள் அகப்பட்ட மலையும் ஒரு தீவே. நம் தலைமுறை இதற்குப் புறநானூற்றைத் தேடவேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டு முதல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்த காலத்தில், வேலியும் வளவும் கறி கொடுத்ததை அறியாத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. எனினும் கபிலரின் பாட்டையும் மிகைப்படக் கொள்ளலாகாது. பறம்பைப் படையால் வெல்லுதல் அரிது என்றவர், பாடியும் ஆடியும் சென்று இரந்தால் அவன் நாட்டையும் குன்றையும் ஒருங்கே தருவான் என்றார். பறம்பு வீழ்ந்தது. உழாத உணவு ஓர் ஊரை உயிரோடு வைத்திருக்கும். அதனைக் காத்துவிடும் என்பதற்கு உறுதியில்லை. 1990-91ஆம் ஆண்டுகளிற் பெருந்தொகையினர் தீவகம் விட்டுப் பெயர்ந்தபோது சாறணை அங்கேயே முளைத்தது. கொய்யும் கைகள் இல்லை.

வள்ளிக்கிழங்கு என்று கபிலர் சொன்னதை ஒரு கணம் நின்று நோக்குவோம். காந்தள் மலரைக் கண்டபோதெல்லாம் நம் புலவர்கள் மகளிரின் விரலை நினைந்தனர். அவ்வுவமை எண்ணிறந்த இடங்களில் வருகின்றது. கார்த்திகைப் பூ என்று நாம் வழங்கும் அக்கொடியின் கிழங்கிலே கொல்கிசின் என்னும் நஞ்சு உண்டு. உண்ணும் கிழங்கென மயங்கி அதனைத் தின்று இந்நாட்டில் உயிரிழந்தோர் உளர். மகளிர் விரலைக் காந்தள் என்று பாடிய செய்யுட்கள், அவ்விரல்கள் மண்ணுள்ளே காந்தட் கிழங்கை விலக்கி வள்ளிக் கிழங்கை அகழ்ந்தெடுத்த திறத்தைப் பாடவில்லை. இதனைக் குறையென்று சொல்லலாமோ என்று பலகால் தயங்கினேன். குறை என்றே இப்போது எண்ணுகின்றேன்.

இகழ்ச்சியைக் கடிந்த யான் புகழ்ச்சியையும் கடியாமல் விடுதல் நேர்மையாகாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், அரச ஊழியர் வீட்டுத்தோட்டஞ் செய்யட்டும் என வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கப்பட்டது. அக்காலத்தே கீரையின் பெருமை பேசாத மேடை இல்லை. முன்னோர் உண்ட அமுதம், இயற்கையின் மருந்து, பொற்கால உணவு என்றெல்லாம் கேட்டோம். அரிசி வாங்க இயலாதவன் முன்னே நின்று இலையைப் புகழ்வது, வாயிலில் நின்று நகைத்த மடவோரின் செயலுக்கு எத்துணைத் தூரம்? அவர் கதவுக்கு வெளியே நின்று சிரித்தார். இவர் கதவுக்கு வெளியே நின்று கைதட்டுகின்றார். உள்ளே உப்பு உண்டோ என்று இருவரும் கேட்கவில்லை. நத்தத்தனார் நல்லியக்கோடனிடம் பாணனை ஆற்றுப்படுத்தினார். பெருஞ்சித்திரனார் குமணனிடம் நேரே சென்று கேட்டார். வேளையின் சிறப்பைக் கூறி மனைவியைத் தேற்றிவிட்டு அவர் வீட்டில் அமர்ந்திருக்கவில்லை.

1889இற் பத்துப்பாட்டையும் 1894இற் புறநானூற்றையும் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தபோது, அருஞ்சொற்களுக்கு அவர் தேடிய விளக்கங்கள் அளப்பில. அன்று வேளை அருஞ்சொல் அன்று. தெருவில் நின்ற செடி. நச்சினார்க்கினியருக்கும் அதனை விளக்கும் தேவை இருந்திராது. இன்று நிலை வேறு. கிளுவை வேலிகள் இருந்த இடங்களில் மதில்கள் எழுந்துள்ளன. மதிலில் முசுட்டை ஏறாது. எங்கள் மாணவரிடம் நல்வேளையைக் கொண்டுபோய்க் காட்டினேன். நாற்பது பேருள் இருவர் பெயர் சொன்னார்கள், இருவரும் தீவுப் பிள்ளைகள். அவர்களுள் ஒருத்தி, பூ விட்ட பின்னர் இலை கைக்கும், தயிர் வேண்டும் என்றாள். கோப்பெருஞ்சோழன் பாட்டை அவள் இன்னும் படித்திருக்கவில்லை.